சுவருக்குள் உட்கார்ந்திருந்த ஆள்

பதுளை பஸ் நிலையத்தில் அந்தக் கதை முதன்முதலில் காதில் விழுந்தபோது சுவருக்குள் ஒரு பிணம்தான் இருந்தது. பண்டாரவளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இரண்டாகிவிட்டது. லுணுகலைக்காரர்கள் நிதானமானவர்கள், பிணம் ஒன்றுதான், ஆனால் அது பழைய காலத்து வெள்ளைக்காரத் தொரை, மடியில் தங்கக் கடிகாரம் என்றார்கள். எந்த ஊர்க் கதையிலும் மாறாமல் இருந்தவை சில. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக ஒரு பழைய லயம். சுவரைப் படம் பிடிக்கும் ஒரு மெஷின். அப்புறம் இராக்கம்மா: புருஷனைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, அதே சுவருக்குக் கீழே எட்டு ஒன்பது வருஷம் பாய் விரித்துத் தூங்கியவள்.

வதந்தியைச் சரிபார்க்க இந்தப் பக்கத்தில் ஒரே வழிதான். அது புறப்பட்ட இடத்துக்கு ஏறிப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்க இறங்க வதந்தி கொழுக்கும். ஏற ஏற மெலியும். தோட்டத்து வளைவில் இருக்கும் பெட்டிக்கடையில் அது 'சுவத்துல என்னமோ தெரிஞ்சிச்சாம்' என்கிற அளவுக்கு இளைத்துப் போயிருந்தது. இன்னும் மேலே ஏறி, லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த இராக்கம்மாவிடமே கேட்டால், அவள் நிமிராமலே சொன்னாள்: "ஆமா, இருந்தாரு. ஒனக்கும் எடம் வேணுமா?"

வதந்தியைப் பரப்பியவர்கள் எல்லாரும் 'நான் சொல்லவில்லை' என்று கையை விரிக்க, பழி சுமந்தவள் மட்டும் தயங்காமல் ஒப்புக்கொள்ளும் வழக்கு இது. அதனால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இராக்கம்மா அந்த லயத்திலேயே பிறந்து, அதே லயத்தில் சில கதவுகள் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். "பொண்ணு அழைப்பு கெளம்புறதுக்குள்ள வந்து சேந்திருச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கொழுந்து எடுப்பதில் கை வேகம். வாய் கையை விட வேகம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் எல்லாரும் 'இருக்கேன்' என்பார்கள். இவள் மட்டும் 'எங்க போகப் போறேன்' என்பாள். மற்ற பெண்கள் கூடைக் கயிறு உச்சியில் உட்காரத் தோதாகக் கொண்டையைப் பிடரிக்கு நேரே இறக்கிப் போட, இவள் இடப்பக்கமாக ஒதுக்கிப் போடுவாள். கேட்டால், "நடுவுல போட்டா எல்லாரு மாதிரியும் ஆயிருவேனே" என்பாள். ஒரே மகள் கொழும்பில் தையல் வேலையில் இருக்கிறாள்.

புருஷன் பெயர் மாயழகு. கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தான். தூங்கும்போதுகூட அவிழ்க்காத சிவப்புக் கட்டம் போட்ட துண்டுத் தலைப்பா அவனுடைய அடையாளம். பெயரில் இருந்த அழகு கொஞ்சநாள்தான் தாங்கியது. மாயம் நின்று வேலை செய்தது. ஒரு மார்கழியில் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினான். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றான். எந்தப் பொங்கலுக்கு என்று சொல்லவில்லை. யானை மிதித்துவிட்டது என்றார்கள் சிலர். இல்லை, அங்கே இன்னொரு குடும்பம் பிடித்துக்கொண்டது என்றார்கள் சிலர். தேடிப் போன தொழிற்சங்கத் தலைவர் சிவஞானம், இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது என்று திரும்பி வந்தார்.

அன்றைக்கு லயத்துப் பெண்கள் இராக்கம்மாவோடு சேர்ந்து அழுவதற்குத் தயாராக வந்தார்கள். அவள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தாள்.

"சனி போயிருச்சு. கூட்டித் தள்ளிட்டேன். சீனி போதுமா பாருங்க."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பக்கத்து அறையான காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி வெளியே வந்து, "இவ நெஞ்சுல ஈரமே இல்லடி" என்றாள். அந்தப் பேர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. லயத்தில் ஒருத்திக்கு நகை இருக்கும், ஒருத்திக்குக் கறவை மாடு இருக்கும். இராக்கம்மாவுக்கு இந்தப் பேர் இருந்தது. அவள் அதை நகையைப் போலவே துடைத்து வைத்துக்கொண்டாள். தனியாக இருக்கும் பொம்பளை காம்பராவுக்குக் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஈரமில்லாதவள் கதவை யாரும் தட்டவில்லை.

இப்படி இருக்கையில்தான் நிதி வந்தது. வெளிநாட்டுப் பணம். பழங்கட்டடப் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பலகை லயத்துக் கதவை விட அகலம். அதை எங்கே நடுவது என்று பெரிய ஆலோசனை நடந்தது. நூற்றாண்டைத் தாண்டிய கருங்கல் சுவர், மண் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. இப்படி ஒன்று கெடாமல் கிடைப்பது அபூர்வம் என்று வந்தவர்கள் சுவரைத் தடவித் தடவிச் சொன்னார்கள். அதற்குள் குடியிருப்பவர்களும் இவ்வளவு காலம் கெடாமல் கிடைத்தது அபூர்வம் என்பதை யாரும் பலகையில் எழுதவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவள் லரீபா. பண்டாரவளைத் துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவள். பயில வந்தவர்களில் வாய் கூடியவன் றில்வான். பதுளையில் அவன் வாப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை. அடைமழைக் காலமாகப் பார்த்துத்தான் வந்தார்கள். தேடுவது சுவரில் இருக்கும் ஈரத்தை.

"ஓங்கட சுவத்துல ஈரம் எங்கெங்க இரிக்கின்னு பாக்கணும்மா" என்றாள் லரீபா.

"சுவத்துல தேடுங்க மிஸ். எங்கிட்ட இல்லன்னு ஊரே சொல்லுது."

மெஷின் பார்ப்பதற்கு ஒரு கைக் கமெரா மாதிரி. குளிர்ந்த இடத்தை நீலமாகவும் சூடான இடத்தை மஞ்சளாகவும் காட்டும். ஈரச் சுவர் குளிரும், காய்ந்த சுவர் குளிராது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? றில்வான், "சுவத்துக்கு ஸ்கேன் எடுக்குறோம்" என்றான். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. லயத்தில் ஸ்கேன் என்றால் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்கு எடுப்பது ஒன்றுதான்.

பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"எத்தன மாசமாம், கேளுங்கடி."

"சுவரு மசக்கையா இருக்கு, அதான் சுண்ணாம்பா உதிருது."

"தலைவரே, தகப்பன் யாருன்னு சங்கத்துல விசாரிங்க."

இராக்கம்மாவின் காம்பராவில், தீபாவளிக்கு அடித்த வெள்ளை மங்காத சுவருக்கு எதிரே றில்வான் நின்று மெஷினைத் தூக்கினான். சிரித்துக்கொண்டே தூக்கியவனின் முகம் அப்படியே நின்றது.

"மிஸ்... உள்ள ஆள்."

விஜயலெட்சுமி விளையாட்டை விடவில்லை. "ஆம்பளையா பொம்பளையா?"

அவன் விளையாட்டு என்று தெரியாமலே பதில் சொன்னான். "ஆம்பளதான். குந்திக்கிட்டிரிக்காரு. தலப்பா கட்டியிரிக்காரு."

தலைப்பா என்றதும் எல்லாரும் இராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். நீலச் சுவருக்கு நடுவே மஞ்சளாக ஒரு முதுகு, தோள், தலை. தலையின் ஓரத்தில் துண்டை முடிந்ததுபோல ஒரு புடைப்பு. கண்ணால் பார்த்தால் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மெஷினில் பார்த்தால் ஒருவன் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இராக்கம்மாவும் பார்த்தாள். அது மாயழகுவின் இடம். வேலை விட்டு வந்தால் அங்கேதான் சாய்வான்.

"ஆத்தாடி" என்றார் சிவஞானம், தலைவர் பதவியை மறந்து.

மறுநாளிலிருந்து யாரும் இராக்கம்மா வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் விஜயலெட்சுமி கட்டிலை இழுத்து எதிர்ச்சுவரோடு போட்டாள். ராத்திரியில் பிறாண்டுகிற சத்தம் கேட்கிறது என்றாள். பிறாண்டுவது எலி என்று போன வாரம் வரை அவளே சொன்னதுதான். எலிக்கு இப்போது பதவி உயர்வு. வேலைக்குப் போகும் பெண்கள் அந்த வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். சிவஞானம் ஒருநாள் இஸ்தோப்பு ஓரமாக நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இராக்கு, நீ ஏதும்... அந்த நேரத்துல... கோவத்துல..."

"ஏன் தலைவரே, கல்லு மண்ணு சொமந்து குடுத்ததே நீங்கதானே. மறந்துட்டீங்களா?"

தலைவர் அன்றைக்கு முழுவதும் யார் யார் அதைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியில் இப்படி. உள்ளே வேறு. பனிமூட்டம் மூன்று மணிக்கே இறங்கி, தேயிலை மலையை அழித்து, கோடிப் பக்கத்து முருங்கையை அழித்து, வாசல்படியில் வந்து நிற்கும். இராக்கம்மா சமையல் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்ப்பாள். செத்துவிட்டானா? செத்துத்தான் வந்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தால் பஸ் பிடித்து வருவான், இப்படிச் சுவருக்குள் வந்து உட்காரமாட்டான். ஒருநாள் தேத்தண்ணி ஊத்தும்போது கை தானாக இன்னொரு கோப்பையை எடுத்தது. "எப்ப வந்தே?" என்று கேட்டாள், சுவரைப் பார்க்காமல். "சாப்பிட்டியா?" அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கோப்பையைக் கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தாள். கீழே பெரிய ரோட்டில், வளைவில், மொனராகலையிலிருந்து வரும் பஸ் கியர் மாற்றி முனகி ஏறுகிற சத்தம் கேட்டது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சுவரில் இருப்பவனும் திரும்பினான் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குள் கதை பஸ் ஏறிவிட்டது. காணாமற் போனவன் சுவருக்குள் இருக்கிறான் என்றால் பொலிஸ் சும்மா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை சார்ஜன்ட் முன்னிலையில் சுவரைத் திறப்பது என்று முடிவானது. ஆய்வுக்கு ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும் என்று லரீபாவும் முன்பே கேட்டிருந்தாள். ஒரே வெட்டில் இரண்டு வேலை.

வியாழக்கிழமை பகலில் லரீபா தனியாக வந்தாள். குடையை மடக்கிவிட்டு, இராக்கம்மாவுக்குப் பக்கத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். லயத்தில் பல நாளுக்குப் பிறகு ஒருத்தி அங்கே உட்கார்ந்தது அதுதான்.

"பயப்படாதீங்கம்மா. உள்ள ஒண்ணுமில்ல. இது எண்ணெ."

"எண்ணெயா?"

"தலைக்கி வெக்கிற தேங்கா எண்ணெ. ஒருத்தர் ஒரே எடத்துல சாஞ்சி சாஞ்சி பூச்சுல ஊறி இரிக்கி. மேல வெள்ள அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா எண்ணெ ஊறின எடம் தண்ணி குடிக்காது. சுவரெல்லாம் ஈரம், அந்த எடத்துல மட்டும் ஈரமில்ல. அதான் மெஷின்ல ஆள் மாதிரி."

"அப்ப அந்த ஆளு சாஞ்ச அடையாளந்தானா?" இராக்கம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. கூடவே ஏதோ ஏறியது.

லரீபா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கிட்டத்தில் அந்தப் புடைப்பு துண்டு முடிச்சாகத் தெரியவில்லை. உருண்டையாக, பிடரிக்குச் சற்று மேலே, சாய்ந்தவரின் இடப்பக்கமாக ஒதுங்கி இருந்தது. இராக்கம்மாவின் கை தலைக்குப் பின்னால் போனது. போன கை அங்கேயே நின்றது.

லரீபா அதைக் கண்டாள். கொண்டையையும் கண்டாள்.

"எத்தன நாளு சாஞ்சா இப்புடி ஆகும் மிஸ்?"

"நாளில்லம்மா. வருஷம். தெனமும்."

"கதவப் பாத்தா?"

"கதவப் பாத்துத்தான்."

அவளுக்கே தெரியாது. கழுத்து வலிக்குச் சாய்ந்ததாகத்தான் நினைத்திருந்தாள். கூடை தூக்கிய கழுத்து, சாயங்காலம் ஓர் இடம் கேட்கும். காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். கதவு எதிரே இருந்தது அவள் குற்றமா? பஸ் அந்த நேரத்தில் வந்தது அவள் குற்றமா? மாயழகு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று இத்தனை நாள் அவள் பயந்ததும், ராத்திரி சுவருக்கு முதுகு காட்டாமல் படுத்ததும், சாப்பிட்டியா என்று கேட்டதும் தன் உருவத்திடமேதான்.

"நாளைக்கு எல்லாருக்கும் இத வெளக்குவீங்களா மிஸ்?"

"வெளக்கத்தானே வேணும்? ஓங்க மேல பழி விழுந்திரிக்கே."

"பழி கெடக்கட்டும்."

"இது கொலப் பழிம்மா!"

"கொலகாரின்னா பயப்படுவாங்க, அவ்வளவுதான். இது தெரிஞ்சா பாவம்பாங்க. விஜயா வந்து கையப் புடிச்சுக்கிட்டு உக்காருவா. தலைவரு பொண்டாட்டி கஞ்சி கொண்டாருவா. அத என்னால தாங்க முடியாது மிஸ்."

லரீபா படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. அவள் படத்தை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை தோட்டமே வாசலில் நின்றது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கொடுத்த கதிரையில் உட்கார்ந்தார். றில்வான் 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி உளியை வைத்தான். உருவத்தின் பிடரி இருந்த இடத்தில் பூச்சு பெயர்ந்தது. மண் கொட்டியது. ஒரு கருங்கல் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கல். அதுவும் வந்த பிறகு, விஜயலெட்சுமியின் காம்பரா வெளிச்சம் வந்தது. எலும்பு இல்லை, துண்டு இல்லை, தங்கக் கடிகாரம் இல்லை. லயம் ஏமாந்து போனது; 'ச்சே' என்று யாரோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சிவஞானம் விடவில்லை.

"அப்ப படத்துல இருந்தது யாரு மிஸ்? நாங்க கண்ணால பாத்தோமே."

லரீபா கையிலிருந்த பூச்சுத் துண்டைப் பார்த்தாள். "எண்ணெ ஊறின அடையாளம். யாரோ சாஞ்சிரிக்காங்க."

"யாரு?"

இராக்கம்மா முந்தானையை இழுத்துக் கொண்டையோடு தலையை மூடிக்கொண்டாள். மழைக்குத்தான் என்று நினைத்தார்கள்.

"பழைய கட்டடம்" என்றாள் லரீபா, ஆய்வு நிதியின் முழுக் கனத்தோடு. "யாருன்னு சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது? நான் சொல்றேன்" என்றாள் இராக்கம்மா. "அவருதான். ஆவியா வந்து குந்தியிருந்தாரு. ஓட்ட போட்டதும் அந்தப் பக்கம் போயிட்டாரு. விஜயா, ஒன் கட்டிலுக்கு அடியில பாரு."

விஜயலெட்சுமி அலறினாள். லயம் சிரித்தது. இராக்கம்மாவின் பேர் கீறல் படாமல் தப்பித்தது. பதுளைக்குப் போன கதை மட்டும் திரும்பி வரவில்லை. அது போனால் வராத சாதி.

அதற்குப் பிறகும் சாயங்காலம் ஆனால் இராக்கம்மா அங்கேதான் உட்காருகிறாள். வேறு எங்கும் கழுத்து ஒத்துக்கொள்வதில்லை என்கிறாள். ஒருநாள் ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து விஜயலெட்சுமியின் குரல் மெதுவாக வந்தது.

"அக்கா, இன்னிக்கி பஸ்ஸு லேட்டு போல."

இராக்கம்மா சுவரிலிருந்து தலையை எடுத்தாள். "எந்த பஸ்ஸு? எனக்கென்னடி பஸ்ஸு?"

"சும்மா சொன்னேங்க்கா."

விஜயலெட்சுமி அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாயைத் தெரிந்தவர்களுக்கு, சுவருக்குள் ஆள் தெரிந்ததை விட இதுதான் ஆச்சரியம்.

நிதி முடிந்தது. பலகை மட்டும் நிற்கிறது. ஓட்டையும் நிற்கிறது. பழைய சுவருக்குச் சீமெந்து ஆகாது, சுண்ணாம்புச் சாந்தால் தாங்களே வந்து அடைத்துத் தருவதாக லரீபா சொல்லியிருந்தாள். பனிக்காற்று அதன் வழியாக நேரே இராக்கம்மாவின் பிடரியில் ஊதுகிறது. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுப்பதுபோல. துணி சுருட்டி அடைத்துப் பார்த்தாள். காலையில் துணி கீழே கிடந்தது.

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வந்தவள், அப்படியே றில்வானின் கடை வாசலில் போய் நின்றாள். அவனுக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன.

"எங்க தம்பி என் சுண்ணாம்பு?"

"மிஸ் காசு கேட்டு எழுதிப் போட்டிரிக்காங்கம்மா. வந்த காசு ஆய்வுக்கும் பயிற்சிக்கும். ஓட்ட போட்டது பயிற்சி. அடைக்கிறது மராமத்து. அதுக்குக் கணக்குல தலைப்பு இல்லயாம்."

"ஒரு கை சுண்ணாம்புக்கா தலப்பு?"

"இந்தாங்க, சீமெந்து வேணும்னா சும்மாவே தாறேன். கொண்டு போய்ப் பூசுங்க."

"சீமெந்து வேணாம். மிஸ் சொன்னது சுண்ணாம்பு. மிஸ் கையால பூசுறேன்னு சொன்னது. வரச் சொல்லு."

"எப்ப வருவாங்கன்னு தெரியாதேம்மா."

"வரட்டும். எங்க போகப் போறேன்" என்றாள் இராக்கம்மா. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே முறைத்தாள். பிறகு ஹல்துமுல்லை பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு படியிறங்கினாள்.